எல்4 வலது திருகு: டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மயக்கம் தெளிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மீட்பு அறையில் அந்த அம்மாவின் கணுக்காலில் கை வைத்து, "காலை நீட்டுங்கம்மா" என்றேன். இடது கால் என் கையைத் தள்ளிக்கொண்டு நீண்டது. வலது கால் மெல்ல எழுந்தது. இரண்டு விரலால் அழுத்தியதும் மடங்கிவிட்டது. "கால் எம் பேச்சைக் கேக்கல, தம்பி" என்றார். அறுவைக்கு முன்னால் அவருக்கு வலி இருந்தது இடது காலில்தான். வலது கால் நல்ல கால்.

முதுகெலும்பு அறுவையில் ஒரு திருகு எப்படித் தடம் மாறிப் போகிறது, அது போவதற்கு முன்னால் எத்தனை இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்பதைப் பற்றியது இந்த ஆய்வு. அந்த அம்மாவும் அவருடைய மகளும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் மருத்துவமனையின் பெயரையும் விட்டுவிட்டேன். திருகைப் போட்டவன் நான். பிழையும் என்னுடையது.

நோயாளி

வயது 67. டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வர்த்தில் வீடு. பிறந்தது மகஸீன் பாரக்ஸில், நகராட்சியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த இடத்தில். இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தின்படி 1960-களில் அங்கிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது அவர் சிறுமி. பாட்டன் பாட்டி நேட்டாலில் கரும்பு வெட்டியவர்கள். அவர் முப்பது ஆண்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்தவர். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினாலும் அவரை அழைப்பது "ஆயா" என்றுதான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுப்பார். முதல் சந்திப்பில் என்னிடம் அவர் கேட்டது வலி போகுமா என்று அல்ல. "மறுபடி காவடி தூக்க முடியுமா?"

இரண்டு ஆண்டுகளாக நூறு மீட்டர் நடந்தால் இடது தொடையும் கெண்டைக்காலும் கனத்து, மரத்து, நின்றுவிட வேண்டியிருந்தது. குனிந்து நின்றால் தணியும். "கடையில டிராலியைப் பிடிச்சிக்கிட்டா எவ்வளவு வேணும்னாலும் நடப்பேன்" என்றார். இடுப்பில் நரம்புக்கால்வாய் சுருங்கியவர்கள் சொல்லும் வாக்கியம் இது. குனியும்போது கால்வாய் சற்று விரியும். டிராலி அவர்களைக் குனியவைக்கிறது. பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாக இருந்ததால் ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. இரண்டு கால்களிலும் தசை பலம் முழுமையாக இருந்தது. நீரிழிவு 18 ஆண்டுகளாக உண்டு. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் இடுப்பில் டி-மதிப்பு மைனஸ் 2.6, அதாவது எலும்பு மெலிவு நோய்.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பு முதுகு வலப்பக்கம் புடைத்து 24 பாகை வளைந்திருந்தது. இடுப்பு முதுகின் ஐந்து எலும்புகளை மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண்ணுவோம். வளைவின் உச்சி எல்3. எல்4 எலும்பு எல்5-இன் மேல் சற்று முன்னால் நழுவியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் எல்3-4, எல்4-5 மட்டங்களில், வளைவின் உட்குழிந்த பக்கமான இடப்புறம், நரம்பு வேர்கள் நசுங்கியிருந்தன. பயிற்சி, மருந்து, ஒரு ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. எல்3 முதல் எல்5 வரை திருகுகளால் நிலைப்படுத்தி, இடப்பக்கம் மட்டும் எலும்பை அகற்றி நரம்பை விடுவிப்பது என்று முடிவு செய்தோம்.

அறுவைக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

திருகு போகும் வழி

முள்ளெலும்பின் முன்பகுதி உருளை, பின்பகுதி வளையம். இரண்டையும் இருபுறமும் இணைக்கும் குட்டையான பாலத்துக்குப் பெடிக்கிள் என்று பெயர். நான் காம்பு என்றே எழுதுகிறேன். பின்னாலிருந்து இந்தக் காம்பின் வழியாகத் திருகைச் செலுத்தினால் அது எலும்பின் முன்பகுதிவரை போய்ப் பிடித்துக்கொள்ளும். பாரிஸில் ரேமோன் ருவா-கமீய் 1963-இல் இந்த வழியைப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்று உலகெங்கும் முதுகை நிலைப்படுத்தப் பெரும்பாலும் இதுதான் வழி.

காம்பு எப்படி இருக்கும் என்று பயிற்சி மருத்துவர்களுக்கு நான் சொல்வது: கரும்பைப் போல. வெளியே கெட்டித் தோல், உள்ளே சோறு. மழுங்கிய துளையூசியைச் சோற்றுக்குள்ளேயே நடத்திக்கொண்டு போக வேண்டும். தோலில் முட்டினால் கை உணரும். உள்பக்கச் சுவர் வெளிப்பக்கச் சுவரைவிடத் தடிமனானது. அது இயற்கை செய்த உபகாரம், ஏனென்றால் உள்பக்கம்தான் நரம்புகள் இருக்கின்றன. எல்4 நரம்பு வேர் எல்4 காம்பின் உள்சுவரை ஒட்டி இறங்கி, அதன் அடியில் வளைந்து வெளியேறுகிறது. உள்பக்கமோ கீழ்ப்பக்கமோ சுவர் உடைந்தால் முதலில் அடிபடுவது அந்த வேர். வெளிப்பக்கம் உடைந்தால் இடுப்புப் பகுதியில் பெரும்பாலும் தசைதான்.

காம்பின் அகலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சிண்ட்ரிக் குழுவினர் 1987-இல் வெளியிட்ட அளவுகளில் மார்புப் பகுதியின் ஐந்தாம் எலும்பில் சராசரி 4.5 மி.மீ., எல்5-இல் 18 மி.மீ. குவாசூலு-நேட்டாலில் முதுகெலும்புக் காசநோய் நிறைய வருகிறது. அது பெரும்பாலும் மார்புப் பகுதியையும் அதை ஒட்டிய இடங்களையும் தாக்கும். அங்கே காம்பு மெல்லியது, உள்ளே இருப்பது தண்டுவடம். அந்த அறுவைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறோம். எல்4-இல் அப்படிச் செய்வதில்லை. பெரிய காம்பு, பழகிய இடம்.

அறுவை நாள்

குப்புறப் படுக்கவைத்து, நடுக்கோட்டில் திறந்து, இருபுறமும் எலும்பை வெளிப்படுத்தினோம். கையுணர்வும், மேசையைச் சுற்றித் திருப்பக்கூடிய சி-ஆர்ம் எக்ஸ்ரேயும் மட்டுமே துணை. திருகுகளை முதலில் போட்டுவிட்டு, பிறகு இடப்பக்கம் நரம்பை விடுவிப்பதாகத் திட்டம்.

எல்4 வலப்பக்கம் மூட்டின் வெளி ஓரத்தில் எலும்பு முண்டாக வளர்ந்திருந்தது. அதைக் கொத்தி எடுத்துச் சமப்படுத்தாமல் அதன் ஓரமாகவே துளையிடத் தொடங்கினேன். கூர்முனை சரிவில் சற்று வழுக்கி உள்பக்கம் இறங்கியது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. துளையூசியை வழக்கமாக எல்4-க்குக் கொடுக்கும் 15 பாகை உட்சாய்வில் செலுத்தினேன். எதிர்ப்பு அதிகம் இல்லாமல் போயிற்று. பக்கவாட்டுப் படத்தில் ஊசி காம்பின் நடுவே, எலும்பின் மேல்தட்டுக்கு இணையாக, பார்க்க அழகாக இருந்தது.

தடத்தைச் சோதிக்கும் குமிழ்முனைக் கம்பியை எதிரே நின்ற பயிற்சி மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்த ஜூலு இளம்பெண். கம்பியை இறக்கி அடித்தரையைத் தொட்டார், நான்கு சுவரையும் தடவினார். பிறகு தயங்கி, "உள்சுவரில் பாதி ஆழத்தில் ஏதோ மெத்தென்று இருக்கிறது, டாக்டர்" என்றார். நான் கம்பியை வாங்கித் தடவிப் பார்த்தேன். அடித்தரை கெட்டியாக இருந்தது. எலும்பு மெலிந்த அம்மா, அப்படித்தான் இருக்கும் என்றேன். 6.5 மி.மீ. தடிமனும் 45 மி.மீ. நீளமும் உள்ள திருகைப் போட்டேன்.

எல்லாத் திருகுகளும் முடிந்ததும் முன்-பின் படம் ஒன்று எடுத்தோம். உள்பக்கம் உடைத்துக்கொண்டு போன திருகின் நுனி நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை. நடுக்கோடாக முதுகு முள்ளின் நிழலை எடுத்துக்கொண்டேன். திருகின் நுனி அதைத் தாண்டவில்லை. இடப்பக்க நரம்புகளை விடுவித்து, திருகுகளை இணைக்கும் தண்டுகளைப் பொருத்தி, மூடினோம். எல்லாம் நேரத்துக்கு முடிந்தது.

அன்று இரவு

வலது முழங்காலை நீட்டும் பலம் ஐந்துக்கு மூன்று. முழங்காலுக்குக் கீழே உள்பக்கத் தோலில் எரிச்சலும் மரப்பும். இரண்டும் எல்4 வேரின் எல்லை. நேராக சி.டி.க்கு அனுப்பினோம்.

சி.டி. ஸ்கேனுக்கும் இந்த நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கோர்மக், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது, 1956-இல் க்ரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேரம் வேலை பார்த்தார். உடலுக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸ்ரே எவ்வளவு மங்குகிறது என்பதைக் கணக்கிட முடியுமா என்று அங்கேதான் யோசித்தார். அந்தக் கணக்கை 1963-இலும் 1964-இலும் வெளியிட்டார். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காம்புத் திருகும் அது சரியாகப் போயிருக்கிறதா என்று காட்டும் கணக்கும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அன்று இரவு அந்தக் கணக்கு காட்டியது இதுதான்: எல்4 வலது திருகு உள்சுவரை உடைத்து 5 மி.மீ. கால்வாய்க்குள் இருந்தது.

கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் இருவரும் 1990-இல் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். சுவரை உடைக்காதது ஏ, 2 மி.மீ.க்குள் உடைத்தது பி. 4 வரை சி. 6 வரை டி. அதற்கு மேல் ஈ. ஏ, பி இரண்டையும் ஏற்கலாம் என்பது நடைமுறை. இது டி.

இடது எல்4 திருகும் சரியில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். அது எதிர்த்திசையில், வெளிச்சுவரைத் தாண்டி 3 மி.மீ. போயிருந்தது. அங்கே தசைதான், அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு திருகும் ஒரே பக்கமாக, இடப்பக்கமாகவே, விலகியிருந்ததைக் கண்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மகளையும் வைத்துக்கொண்டு அவரிடம் சொன்னேன். "அம்மா, நான் போட்ட ஸ்க்ரூ ஒண்ணு நரம்புல பட்டிருக்கு. இன்னிக்கு ராத்திரியே அதை எடுத்து வேற வழியில போடணும். நரம்பு திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா உறுதியாச் சொல்ல முடியாது." மகள், "போடும்போதே தெரியாதா, டாக்டர்?" என்று கேட்டார். "தெரிஞ்சிருக்கணும்" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா, தம்பி? சாப்பிட்டுட்டு வந்து பண்ணுங்க" என்றார்.

முதல் அறுவை முடிந்து ஐந்து மணி நேரத்துக்குள் மறுபடி திறந்தோம். இம்முறை வலப்பக்கம் எலும்பைச் சிறிது அகற்றி, காம்பின் உள்சுவரையும் நரம்பு வேரையும் கண்ணால் பார்த்தோம். வேர் திருகின் மரைகளில் அழுந்தித் தட்டையாக இருந்தது. கிழியவில்லை, உறையும் முழுதாக இருந்தது. திருகை எடுத்து, மூட்டின் முண்டைக் கொத்திச் சமப்படுத்தி, 4 மி.மீ. வெளியே தள்ளிப் புதிய நுழைவிடம் எடுத்து, கிட்டத்தட்ட செங்குத்தாக 7.5 மி.மீ. திருகு ஒன்றைப் போட்டோம். உள்சுவருக்கு வெளியே தட்டைக் கருவியை வைத்துத் தடவி, எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்தோம். இடது எல்4 திருகு நன்றாகப் பிடித்திருந்ததால் அதைத் தொடவில்லை.

எங்கே பிசகியது

வளைந்த முதுகில் எலும்பு வளைவது மட்டுமல்ல, திரும்பவும் செய்கிறது. வளைவு வலப்பக்கம் புடைத்தால் எலும்பின் முன்பகுதியும் வலப்பக்கம் திரும்பும்; முதுகு முள் இடப்பக்கம் ஒதுங்கும். இடுப்புக்கூடு தரைக்கு மட்டமாக இருக்க, இவருடைய எல்4 மட்டும் 13 பாகை வலப்பக்கம் திரும்பியிருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். எல்4 காம்பு தன் எலும்பின் நடுக்கோட்டுக்கு 15 பாகை சாய்ந்திருந்தது. எலும்பு 13 பாகை வலப்பக்கம் திரும்பியதால், தரையிலிருந்து பார்த்தால் வலது காம்பின் சாய்வு 2 பாகைதான். இடது காம்பின் சாய்வு 28 பாகை. நான் இரண்டு பக்கமும் 15 கொடுத்தேன். இரண்டிலும் 13 பாகை பிழை, ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே. நுழைவிடத்திலிருந்து காம்பின் குறுகிய இடம்வரை ஏறத்தாழ 20 மி.மீ. தூரம். 13 பாகை விலகிப் போனால் அங்கே 4.6 மி.மீ. விலகியிருக்கும். காம்பின் அகலம் 10 மி.மீ., திருகு 6.5. நடுவில் போனால் இருபுறமும் மிச்சம் 1.75 மி.மீ. 4.6-இலிருந்து 1.75-ஐக் கழித்தால் கிட்டத்தட்ட 3. இடது திருகு சரியாக அவ்வளவுதான் தாண்டியிருந்தது. வலப்பக்கம் கூர்முனை சரிவில் வழுக்கிய 2 மி.மீ.யையும் சேர்த்தால் 5.

என் கை நடுங்கவில்லை. கை தான் குறித்த இடத்துக்கு, தான் நினைத்த கோணத்தில் சரியாகப் போயிற்று. கோணத்தை எதிலிருந்து அளந்தேன் என்பதில்தான் பிழை. தரையிலிருந்து அளந்தேன். அந்த எலும்பிலிருந்து அளந்திருக்க வேண்டும்.

படம் ஏன் காப்பாற்றவில்லை? பக்கவாட்டுப் படம் மேல்-கீழ் பிழையைக் காட்டும்; உள்-வெளிப் பிழையைக் காட்டவே காட்டாது. அது அழகாக இருந்ததில் எனக்கு வந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை. முன்-பின் படம்தான் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அதை நான் செங்குத்தாக எடுத்தேன், திரும்பியிருந்த எலும்புக்கு நேராக எடுக்கவில்லை. முதுகு முள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. எலும்பின் முன்பகுதியின் உண்மையான நடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. வலது திருகின் நுனி உண்மையான நடுவைத் தாண்டிவிட்டது, முள்ளின் நிழலைத் தாண்டவில்லை. நானோ முள்ளை நடுக்கோடாக வைத்துக்கொண்டு பார்த்தேன். சி-ஆர்மை 13 பாகை திருப்பி, முதுகு முள் இரண்டு காம்பு நிழல்களுக்கும் சரிநடுவில் வரும்வரை சரிசெய்து எடுத்திருந்தால் அந்த ஒரே படம் போதும்.

இடப்பக்கம் மட்டும் திறந்ததும் ஒரு காரணம். இடப்பக்கத்தைத் திறந்ததால் அங்கே காம்பின் உள்சுவரைப் பார்க்க முடிந்தது. வலப்பக்கம் திறக்கத் தேவையில்லை என்பதால் அங்கே திருகு நரம்பை நசுக்கியது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது அந்தப் பயிற்சி மருத்துவர் சொன்ன வார்த்தை. காம்பின் குறுகிய இடம் நுழைவிடத்திலிருந்து 15 முதல் 20 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, சுவர் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். அவர் "பாதி ஆழத்தில், உள்சுவர்" என்று ஆழமும் திசையும் சரியாகச் சொன்னார். நான் அடித்தரையைத் தொட்டுவிட்டுத் திருப்தியடைந்தேன். அடித்தரை கெட்டியாக இருப்பதற்கும் உள்சுவர் முழுதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ஊசி சுவரை உடைத்துக்கொண்டு போய் மறுபடி எலும்பின் முன்பகுதிக்குள் நுழைந்தாலும் அடித்தரை கெட்டியாகத்தான் இருக்கும். எலும்பு மெலிவு என்று நான் சொன்ன காரணம், அவரைவிட என்னை எச்சரிக்க வேண்டிய காரணம். தோல் மெலிந்த கரும்பில் ஊசி முட்டாமலே வெளியே போய்விடும்.

மறுநாள் அவரை அழைத்து, "நீங்கள் சொன்னது சரி. கேட்டிருக்க வேண்டியவன் நான்" என்றேன். அவர், இரண்டாம் முறை சொல்லலாமா என்று யோசித்ததாகவும், நான் முப்பது ஆண்டு செய்தவன் என்பதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். இதைச் சரிசெய்யாமல் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

கருவிகளைப் பற்றி

நண்பர்கள் உடனே கேட்டது, "நேவிகேஷன் இருந்திருந்தால்?" என்று. கருவி எலும்பில் எங்கே இருக்கிறது என்று கணினித் திரையில் காட்டும் முறை அது. இருந்திருந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் நடந்திருக்காது என்பதே என் நேர்மையான பதில். கணினி எலும்பிலிருந்து அளக்கிறது, தரையிலிருந்து அல்ல. கோஸ்மோபௌலோஸ், ஷிஸாஸ் இருவரும் 2007-இல் 130 ஆய்வுகளில் இருந்த 37,337 திருகுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 91.3 விழுக்காடு சரியான இடத்தில் இருந்தன. உயிருள்ள நோயாளிகளில் நேவிகேஷன் துணையோடு போட்டவற்றின் இடைநிலை 95.2 விழுக்காடு, துணையின்றிப் போட்டவற்றில் 90.3.

ஆனால் கையால் போடுவதும் பழகிய கையில் பாதுகாப்பானதே. கிம், லென்கே குழுவினர் 2004-இல் 394 நோயாளிகளின் மார்பு முதுகில் கையாலேயே போட்ட 3,204 திருகுகளை விவரித்தார்கள். சி.டி. எடுத்துப் பார்த்த 577-இல் 6.2 விழுக்காடு சுவரைக் கணிசமாக உடைத்திருந்தன. நரம்புப் பாதிப்பு யாருக்கும் இல்லை. இயந்திரமும் தவறும். ரிங்கெல் குழுவினர் 2012-இல் ஒரு ரோபோவைக் கையோடு ஒப்பிட்ட சோதனையில், கையால் போட்டவற்றில் 93 விழுக்காடு ஏ அல்லது பி. ரோபோ துணையோடு போட்டவற்றில் 85. துளைக்குழாய் மூட்டின் சரிவில் வழுக்கியதை அவர்கள் முக்கியக் காரணமாகக் கருதினார்கள். என் கூர்முனை வழுக்கியதும் அதே சரிவில்தான். அதன் பிறகு ரோபோக்கள் நிறையவே மேம்பட்டுவிட்டன. ஆனால் சரிவைக் கொத்திச் சமப்படுத்தும் வேலையை இன்றும் யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

நேவிகேஷனில் எலும்பில் கட்டிய குறிச்சட்டத்தை யாராவது முழங்கையால் இடித்துவிட்டால், திரையில் எல்லாம் சரியாகவே தெரியும், திருகு வேறு இடத்தில் இருக்கும். சட்டத்திலிருந்து தூரம் போகப் போகத் துல்லியம் குறையும். அதனால் பக்கத்து மருத்துவமனையில் அதைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு எலும்புக்கும் முன்பு, கண்ணுக்குத் தெரியும் ஒரு முனையைத் தொட்டு, திரையிலும் அதே இடம் காட்டுகிறதா என்று பார்க்கிறோம்.

சி-ஆர்முக்கு இன்னொரு விலை உண்டு. கதிர்வீச்சு. மற்ற எலும்பு அறுவைகளோடு ஒப்பிட்டால் காம்புத் திருகு போடும் மருத்துவருக்கு 10 முதல் 12 மடங்குவரை அதிகமாகப் படலாம் என்று 2000-இல் ராம்பர்சாட் குழுவினர் அளந்து சொன்னார்கள். அதனால் படங்களைக் கூட்டுவது பதிலல்ல. எடுக்கும் படத்தை நேராக எடுப்பதே பதில்.

இப்போது எங்கள் தியேட்டரில்

வளைவோ நழுவலோ உள்ள ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சி.டி. எடுக்கிறோம். திருகு போகவிருக்கும் ஒவ்வொரு காம்புக்கும் அகலம், எலும்பு எந்தப் பக்கம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது, அதைச் சேர்த்துத் தரையிலிருந்து எத்தனை பாகை கொடுக்க வேண்டும், திருகின் நீளம், தடிமன் எல்லாவற்றையும் பயிற்சி மருத்துவர் அளந்து தியேட்டர் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதுகிறார். நான் தனியாக அளக்கிறேன். இரண்டும் பொருந்தாவிட்டால் தோலில் கத்தி வைப்பதில்லை.

நுழைவிடத்தில் மூட்டின் முண்டைக் கொத்தி எடுத்து, காம்பின் சிவந்த சோறு தெரிந்த பிறகே துளையூசி. திருகுகளுக்கு முன் எல்லாத் தடங்களிலும் மெல்லிய கம்பிகளை வைத்து ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியே நேரான முன்-பின் படம் எடுக்கிறோம்: முள் இரண்டு காம்புகளுக்கும் நடுவில், மேல்தட்டு ஒரே கோடாக. பக்கவாட்டுப் படத்தில் ஊசி முனை காம்பைக் கடந்து எலும்பின் முன்பகுதிக்குள் நுழையும்வரை, முன்-பின் படத்தில் அது காம்பு நிழலின் உள்விளிம்பைத் தொடக் கூடாது. தொட்டால் தடத்தை மாற்றுகிறோம்.

குமிழ்முனைக் கம்பியை இரண்டு பேர் தடவுகிறார்கள். இளையவர் முதலில். அவர் ஐந்து பக்கத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: அடி, மேல், கீழ், உள், வெளி. சந்தேகம் என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், தியேட்டர் சிஸ்டர் திருகைக் கொடுக்க மாட்டார். நான் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை அவர் கையை நீட்டவில்லை. ஒருமுறை உள்சுவர் உண்மையிலேயே உடைந்திருந்தது. மறுமுறை முழுதாக இருந்தது. இரண்டுக்கும் நன்றி சொன்னேன்.

மின்தூண்டல் சோதனையையும் சேர்த்துக்கொண்டோம். திருகில் சிறு மின்னோட்டம் கொடுத்து, காலில் தசை துடிக்கிறதா என்று பார்ப்பது. சுவர் முழுதாக இருந்தால் எலும்பு மின்சாரத்தைத் தடுக்கும், அதிக மின்னோட்டம் தேவைப்படும். லென்கே குழுவினர் 1995-இல் சொன்ன அளவு: 8 மில்லி ஆம்பியருக்கு மேல் என்றால் திருகு காம்புக்குள், 4-க்கும் 8-க்கும் இடையில் என்றால் உடைந்திருக்கக்கூடும், 4-க்குக் கீழே என்றால் நரம்பையோ உறையையோ தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மயக்க மருத்துவர் அந்த நேரத்தில் தசைத்தளர்த்தி கொடுத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: நெடுங்காலம் நசுங்கிய நரம்பும் நீரிழிவால் பழுதான நரம்பும் எளிதில் துடிப்பதில்லை, அதனால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். இந்த ஊரில் எங்கள் தமிழ் நோயாளிகளில் நீரிழிவு இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே நல்ல எண் வந்தால் நான் மகிழ்வதில்லை. கெட்ட எண் வந்தால் நிறுத்துகிறேன்.

மீட்பு அறையில் நானே கால்களைச் சோதிக்கிறேன். புதிதாக எந்தக் குறை தெரிந்தாலும் வீக்கமாக இருக்கும், காலையில் பார்க்கலாம் என்பது இல்லை, உடனே சி.டி.

தொடர் கவனிப்பு

வலது முழங்காலின் பலம் ஆறு வாரத்தில் ஐந்துக்கு நான்கு. ஆறாம் மாதத்தில் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தார். மாடிப்படி இறங்கும்போது மட்டும் கால் சற்றுத் தயங்கியது. ஓராண்டில் என் கைக்கு இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. இடது காலின் பழைய வலி முதல் நாளே போய்விட்டது. டிராலி இல்லாமல் நடக்கிறார். ஓராண்டு சி.டி.யில் எலும்பு கூடியிருந்தது, திருகுகள் தளரவில்லை. எலும்பு மெலிவுக்கு மருந்து தொடர்கிறது; அறுவைக்கு முன்பே அதைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன், கேட்டுக்கொண்டார். பேத்தி பால்குடம் எடுக்க, பின்னால் நடந்துபோனார். அடுத்த ஆண்டுக்கு என்ன எடை தூக்கலாம் என்று என்னிடம் கணக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

வலது முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் ஓரிடத்தில் இன்னும் தொட்டால் தெரிவதில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் பஞ்சால் தடவி, பேனாவால் எல்லை வரைந்து அளந்து எழுதுகிறேன். ஆறாம் மாதத்தில் உள்ளங்கை அளவு இருந்தது. கடைசியாக அளந்தபோது நீளம் 6 செ.மீ., அகலம் 4.